கூட்டத்தைப் பேச வைக்கும் திறன்

திண்டுக்கல்லுக்கு மேற்கே மலையடிவாரத்தை ஒட்டி அமைந்துள்ளது கன்னிவாடி. இதனைச் சூழ்ந்த ரெட்டியார்சத்திரம் வட்டாரம், மழையையும் கிணற்றையும் நம்பி வேளாண்மை நடைபெறும் பகுதி. 1988-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பெற்ற எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், தொண்ணூறுகள் தொட்டு இப்பகுதியில் பணி செய்து வந்துள்ளது. அப்பணியின் வாயிலாக, நிலமற்ற குடும்பத்துப் பெண்களும் அடங்கிய சுய உதவிக் குழுக்கள் பயிர்ப் பாதுகாப்புக்குரிய பொருள்களை உற்பத்தி செய்யக் கற்றுக்கொண்டன. அவற்றுள் ஒன்று டிரைக்கோகிரம்மா என்னும் முட்டை ஒட்டுண்ணி.

இது கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறு குளவி. காய்ப்புழுவை உண்டாக்கும் அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு, புழு தோன்றுமுன்பே அதனை அழித்துவிடும். ஒட்டுண்ணி ஏறிய முட்டைகளை அட்டையில் ஒட்டித் துண்டுகளாக்கி, இலையின் அடிப்புறத்தில் கட்டிவைத்தால் சில நாள்களில் குளவிகள் வெளிவரும். ஆனால், அந்நாள்களில் பக்கத்து வயலில் பூச்சிக்கொல்லி நஞ்சைத் தெளித்தால், காற்றோடு வரும் நஞ்சில் குளவிகள் மடியும். அட்டைக்குச் செலவிட்ட பணம் வீண்; காய்ப்புழுவும் எஞ்சும்.

ஆகவே, அட்டையைக் கட்டும் முறையை ஒருவர் தனியே கற்றால் போதாது. அண்டை வயல்காரர் அனைவரும் ஒன்றுகூடி, இந்நாள் முதல் இந்நாள் வரை எவரும் நஞ்சு தெளிப்பதில்லை என்று உடன்பட வேண்டும். அவ்வுடன்பாட்டைச் சட்டம் போட்டுப் பெற இயலாது. சொற்பொழிவாலும் பெற இயலாது. கூடியிருப்போர் தாமே பேசி முடிவு செய்ய வேண்டும். அவ்வாறு பேச வைப்பவரே ஊக்குநர். சுய உதவிக் குழுக்களில் இப்பெயர் யாவருக்கும் தெரிந்ததே.

சொற்பொழிவும் கலந்துரையாடலும்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் இறைச்சித் தட்டுப்பாடு ஏற்பட்டது. இருதயம், சிறுநீரகம் போன்ற உறுப்பு இறைச்சியை மக்கள் சமைத்துண்ண வேண்டுமென அரசு விரும்பியது. இல்லத்தரசிகளோ அவற்றை விரும்பவில்லை. கர்ட் லெவின் என்னும் உளவியல் அறிஞர் அப்பெண்களைச் சிறு குழுக்களாகப் பிரித்தார். சில குழுக்களுக்கு நல்ல சொற்பொழிவு நிகழ்த்தப்பட்டது. மற்றக் குழுக்களில், தங்களைத் தடுப்பது எது என்று பெண்களே பேசினர்; அவர்கள் கேட்ட பின்னரே செய்முறை கூறப்பட்டது; இறுதியில், செய்து பார்க்க இசைவோர் கையுயர்த்தினர். பின்னர் விசாரித்தபோது, சொற்பொழிவு கேட்டவர்களுள் 100-க்கு 3 பேரே அவ்வுணவைச் சமைத்திருந்தனர். கலந்துரையாடியவர்களுள் 100-க்கு 32 பேர் சமைத்திருந்தனர். இம்முடிவு 1943-இல் வெளியாயிற்று.

நம் ஊருக்கும் இது பொருந்தும். பிறர் சொன்னதை மனிதன் மறந்துவிடுவான். நால்வர் முன்னிலையில் தானே சொன்னதை எளிதில் கைவிட மாட்டான்.

கூட்டத்திற்கு முன்

ஊக்குநரின் பணி கூட்டத்திற்கு முன்பே தொடங்குகிறது. முதலாவது, நேரம். கூலி வேலைக்குச் சென்றவர்கள் திரும்பாத வேளையிலும், பெண்கள் அடுப்பங்கரையில் இருக்கும் வேளையிலும் கூட்டம் வைத்தால் வந்தவர் சிலரே முடிவு செய்வர். வராதவர் அதற்குக் கட்டுப்படார். இரண்டாவது, இடம். ஊரில் எந்தத் தெருவினரும் தயக்கமின்றி வந்து சமமாக உட்காரக்கூடிய பொது இடமாக அது இருத்தல் வேண்டும். ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடினால், அத்திண்ணையில் ஏறத் தயங்குவோரின் குரலை நாம் இழந்துவிடுகிறோம். மூன்றாவது, அமரும் முறை. சிலர் நாற்காலியிலும் பலர் தரையிலும் அமர்ந்தால், நாற்காலி பேசும், தரை கேட்டுக்கொண்டிருக்கும். வட்டமாக அமர்ந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் காணலாம்.

கூட்டம் நடைபெறும்போது

“எல்லோருக்கும் சம்மதந்தானே?” என்று கேட்பது கேள்வியாகாது; தலையசைப்பைத் தவிர வேறு விடை அதற்கு வாராது. “சென்ற ஆண்டு உங்கள் வயலில் எத்தனை முறை மருந்து அடித்தீர்கள்? பலன் என்ன கண்டீர்கள்?” என்று கேட்டால் அனுபவம் வெளிவரும். கேட்டபின் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். அமைதி நிலவுகிறதே என்று அஞ்சி ஊக்குநர் தாமே விடை கூறிவிட்டால், சிந்திக்கத் தொடங்கியவரும் நிறுத்திவிடுவார்.

ஒருவர் கூறியதை, “ஐயா, நீங்கள் சொல்வது இதுதானே?” என்று சுருக்கித் திருப்பிச் சொல்வது நன்று. சொன்னவருக்குத் தம் பேச்சு மதிக்கப்பட்டது என்னும் மனநிறைவு உண்டாகும். தவறாகப் புரிந்துகொண்டதும் அப்போதே திருந்தும்.

ஒருவரே நெடுநேரம் பேசினால் அவரை அவமதித்தல் ஆகாது. “அண்ணன் சொன்னதைக் குறித்துக்கொண்டோம்; இனி, பேசாதவர்களையும் கேட்போம்” என்று கூறி வரிசையாகக் கேட்கலாம். அவையில் பேசக் கூச்சப்படுவோர், முதலில் பக்கத்திலிருப்பவரோடு இருவர் இருவராகப் பேசட்டும். பின்னர் அவையில் பேசுதல் எளிதாகும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பங்குகொள்ள வழியுண்டு. எண்பதுகளின் இறுதி தொட்டு இந்தியக் கிராமங்கள் பலவற்றில் மக்கள் கோலப்பொடியால் தரையிலேயே தம் ஊரின் வரைபடத்தை வரைந்து, குறைகளைக் காட்டியுள்ளனர். எது முதலில் வேண்டும் என்பதை, ஒவ்வொரு குறைக்கும் எதிரே புளியங்கொட்டைகளை வைத்து முடிவு செய்யலாம். வாய் திறவாதவரின் எண்ணமும் அங்கே கணக்கில் வரும்.

கருத்து வேற்றுமை எழுந்தால் அதனை மறைக்க வேண்டுவதில்லை. நஞ்சு தெளிக்காவிடில் பயிர் போய்விடுமே என்று ஒரு விவசாயி அஞ்சினால், அவ்வச்சம் நியாயமானதே. அதற்கு விடை காணாமல் பெறும் சம்மதம் வயலில் நில்லாது. புழு இத்தனைக்கு மேல் காணப்பட்டால் என்ன செய்வது, யாரிடம் கேட்பது என்பதையும் சேர்த்து முடிவு செய்தால் அவரும் மனமொப்பி வருவார்.

முடிவும் பொறுப்பும்

பேச்சு முடிந்ததும், என்ன செய்வது, யார் செய்வது, எந்த நாளுக்குள் செய்வது என்னும் மூன்றையும் எழுதி, உரக்கப் படித்துக்காட்டிய பின்னரே கையொப்பம் பெற வேண்டும். வெற்றுத்தாளில் முதலில் கையொப்பம் வாங்கிப் பின்னர் தீர்மானம் எழுதும் வழக்கம், கூட்டத்தின் மீதுள்ள நம்பிக்கையை அடியோடு அழித்துவிடும். அடுத்த கூட்டம், சென்ற கூட்டத்தின் முடிவுகள் என்னவாயின என்ற கேள்வியோடு தொடங்கட்டும்.

இத்திறனைக் கற்பது எவ்வாறு?

இது பிறவியில் வருவதன்று, பயிற்சியால் வருவது. 1946-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லெவினும் அவருடைய குழுவினரும் சமூகப் பணியாளர்களுக்குப் பயிற்சி நடத்தினர். பகலில் குழுக்கள் பேசியதைக் கவனித்தவர்கள் மாலையில் தம்முள் கூடி ஆராய்ந்தனர். பயிற்சிக்கு வந்தவர்கள் சிலர் தாங்களும் அதில் அமர விரும்பினர். தாம் நடந்துகொண்ட விதத்தைப் பிறர் வாயால் கேட்டபோதுதான் அவர்கள் மிகுதியாகக் கற்றனர்.

இதனை நாமும் செலவின்றிச் செய்யலாம். கூட்டத்தில் ஒருவரைக் கவனிப்பாளராக அமர்த்துவோம். யார் எத்தனை முறை பேசினர், பெண்கள் எத்தனை பேர் பேசினர், ஊக்குநர் எத்தனை முறை குறுக்கிட்டார் என்று அவர் கோடிட்டுக் குறித்துவரட்டும். முடிவில் ஐந்து நிமிடம், குற்றஞ்சாட்டாமல், கண்டதை மட்டும் கூறட்டும். ஊக்குநர் பொறுப்பை முறை வைத்து மாற்றினால், ஓராண்டில் ஊருக்குப் பலர் பயிற்சி பெற்றவராவர்.

தமிழ்நாட்டு ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியன கிராம சபை கூடுவதற்குரிய நாள்கள். அடுத்த சபையில் பஞ்சாயத்து உறுப்பினர் ஒவ்வொருவரும் தமக்குள் ஓர் உறுதி கொள்ளலாம்: இன்று நான் பேசுவதைக் குறைத்து, இதுவரை பேசாத மூவரையேனும் பேச வைப்பேன் என்பதே அது. அம்மூவர் சொல்வதில்தான் ஊரின் உண்மையான தேவை மறைந்திருக்கக்கூடும்.