எடுக்கப்படாத பிரதி: தொகுப்பான் சோதனை பற்றிய ஒரு குறிப்பு

கணினி மொழிகளும் விதிநூல்களால் ஆளப்படுவனவே. பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979இல் பெல் ஆய்வுகூடத்தில் தொடங்கிய முயற்சியின் விளைவான சி++ மொழிக்கு 1998இல் முதலாவது சர்வதேசத் தரவிதி கிடைத்தது. மனிதர் எழுதும் நிரலைப் பொறிக்குரிய கட்டளைகளாக மாற்றும் தொகுப்பான், இவ்விதிக்கு உரையாசிரியர் போன்றது. அது விதியை எவ்வாறு பொருள்கொள்கிறது என்பதைச் சோதித்தறிதல் வேண்டும்.

இம்மொழியில் ஒரு பொருளை இருவகையாகக் கையளிக்கலாம். ஒன்று, பிரதியாக்கி எனும் செயற்கூறு கொண்டு பிரதியெடுத்துக் கொடுத்தல். மற்றது, மூலப்பொருளுக்கே இன்னொரு பெயரைப் பிணைத்தல். பிணைப்பில் பிரதிக்கு இடமில்லை என்றே எவரும் கருதுவர். ஆயின் தோன்றி மறையும் தற்காலிகப் பொருளொன்றை, அதனை மாற்றும் உரிமையற்ற பெயருடன் பிணைக்கையில், 1998 விதி வேறு கூறிற்று. தொகுப்பான் நேரே பிணைக்கலாம், பிரதியெடுத்தும் பிணைக்கலாம். எதைச் செய்யினும், பிரதியாக்கி அழைக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும்.

திறந்த கோப்பொன்றைப் பொறுப்பேற்கும் பொருளுக்குப் பிரதி இருப்பின், ஒரே கோப்பு இருமுறை மூடப்படும். ஆதலின் நிரலர் பிரதியாக்கியை வகுப்பினுள் அந்தரங்கமாக்கிப் பூட்டுவர். (இவ்வகுப்பு, நாம் வழமையாக விவாதிக்கும் வர்க்கமன்று.) பிரதியாக்கி இயங்கும்போது ஒரு வரியை அச்சிடுமாறு எழுதிச் சோதித்தால், எவ்வரியும் தோன்றாதிருக்கலாம். இதிலிருந்து தொகுப்பான் விதிப்படி நடந்தது என முடிவுகட்டுதல் தவறு. அந்தரங்கப் பிரதியாக்கி கொண்ட நிரலைக் கொடுத்து, தொகுப்பான் அதனை நிராகரிக்கிறதா எனப் பார்த்தலே உண்மையான சோதனை. ஜி.சி.சி. தொகுப்பானின் முந்திய பதிப்புகள் அத்தகைய நிரல்களை ஏற்றுவந்தன. 2004இல் வெளியான 3.4ஆம் பதிப்பு நிராகரிக்கத் தொடங்கிற்று. நேற்றுவரை இயங்கியவை, எவரும் எடுக்காத பிரதியின் பொருட்டுத் தடைப்பட்டன.

விதி யாருக்குச் சுதந்திரம் வழங்கிற்று, சுமையை யார்மீது ஏற்றிற்று என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. தெரிவு தொகுப்பானை ஆக்குவோருக்கு. அதன் விலை நிரலருக்கு.

2011ஆம் ஆண்டுத் தரவிதி அத்தெரிவை நீக்கி, நேரடிப் பிணைப்பைக் கட்டாயமாக்கியது. நிராகரிக்கப்பட வேண்டியதாயிருந்த சோதனை நிரல் அதன்பின் ஏற்கப்பட வேண்டியதாயிற்று. ஆனால் அதே தற்காலிகப் பொருளைப் பெயரால் அன்றிப் பெறுமதியாகவே பெறும் செயற்கூறுக்குக் கையளிப்பின், நடைபெறாத பிரதிக்கான அனுமதி தொடர்ந்தும் கேட்கப்பட்டது. அங்கு அதனை நீக்கியது 2017ஆம் ஆண்டுத் தரவிதியே.