வேடந்தாங்கலில் 'ஆஸ்திரேலியப் பறவை' எது?

"சார், இதுல ஆஸ்திரேலியாப் பறவை எது?"

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை காட்டும் என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதைத்தான். யார் கிளப்பிவிட்ட கதையோ! எதிரே தண்ணீரில் நிற்கும் கடப்ப மரங்களில் கூடு கட்டியிருப்பதெல்லாம் நம் நாட்டுப் பறவைகள்தான்: நத்தைக்குத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா. வடக்கே பனிக்கு அஞ்சி வரும் ஊசிவால் வாத்தும் கிளுவையும் இங்கே மேய்வதோடு சரி. முட்டையிடுவது அவற்றின் ஊரில்தான்.

இதைச் சொன்னதும் சிலர் முகம் வாடிவிடும். பாஸ்போர்ட் இல்லாத பறவையைப் பார்க்கவா இவ்வளவு பெட்ரோல் செலவு!

அவர்களை ஒரே ஒரு கூட்டின் முன் நிறுத்திவிடுவேன். நத்தைக்குத்தி நாரையின் கூடு. தாயின் அலகு நடுவில் மூடாது. பாக்குவெட்டி போல இடைவெளி தெரியும். குஞ்சின் அலகில் அது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பேன். பெரும்பாலும் ஒரு பிள்ளைதான் முதலில் கண்டுபிடிக்கும்: இல்லை. வளர வளரத்தான் அந்த இடைவெளி வரும். உச்சி வெயிலில் தாய் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தருவதையும் பார்த்துவிட்டால், ஆஸ்திரேலியாவை யாரும் கேட்பதில்லை.

அந்த நாரை தின்னும் நத்தை சுற்றுவட்டார நெல் வயல்களில் கிடைப்பது. மரத்திலிருந்து விழும் எச்சம் ஏரித் தண்ணீரில் கலந்து அதே வயல்களுக்கு உரமாகப் பாய்கிறது. ஊரார் இதை என்றைக்கோ கண்டுகொண்டார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798இல் பாதுகாப்புக் கவுல், அதாவது எழுத்துமூல உறுதி, வாங்கினார்கள். அரசு சரணாலயமாக ஏற்றது 1936இல். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது 2022இல். தீபாவளிக்கு இங்கே வெடிச்சத்தம் கேட்காது. குஞ்சு இருக்கும் வீட்டில் யார் வெடி வைப்பார்கள்?

'சத்தம் போடாதீர்' என்று பலகை வைத்தால் போதாது என்பது என் கட்சி. கை தட்டினால் தாய்ப்பறவை எழும்பும். அந்த நேரம் பார்த்துக் காகம் முட்டையைத் தூக்கும். இதைச் சொல்லிவிட்டால் பலகையே வேண்டாம். அப்பா சத்தமாகப் போன் பேசினால் பிள்ளையே அடக்கிவிடும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். பளிச்சென்ற சட்டை வேண்டாம். உச்சிப் பொழுதைவிட மாலை நான்கு மணிக்கு மேல் நல்லது. மேயப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பும், வக்கா அப்போதுதான் சோம்பல் முறிக்கும். ஒன்று மட்டும்: வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டென்றால் கிளம்புவதற்கு முன் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் தண்ணீர் நிற்காவிட்டால் நாரை கூடு கட்டாது.