புது மோட்டாரும் முதல் எண்ணெயும்

சென்ற ஆண்டு தை மாதத்தில் நமது இல்லத்துக்கு ஒரு சிறு மோட்டார் வண்டி வந்து சேர்ந்தது. பாதி வங்கிக் கடன். மீதி இல்லாளின் வளையல்கள். சித்திரையில் கரக்பூரிலிருந்து அதிலேயே ஊருக்குப் புறப்படுவதென்று குழந்தைகள் நாள் எண்ணத் தொடங்கினர்.

அடுத்த வீட்டுப் பெரியவர் டீசல் ஷெட்டில் பிட்டராயிருந்து ஓய்வு பெற்றவர். நெடுங்காலம் அம்பாஸடர் வைத்திருந்தவர். “தம்பி, 500 கிலோமீட்டரில் எண்ணெயை இறக்கிவிடுங்கள்; உள்ளே இரும்புத் தூள் இருக்கும்” என்றார். வண்டி விற்ற கடைக்காரரோ, “10,000 வரை தொடவே வேண்டாம்” என்றார். யார் சொல்வது மெய்?

நாம் வண்டியின் கையேட்டை எடுத்துக்கொண்டு பெரியவரிடமே சென்றோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையுடன் படித்தவர், விளக்கமும் தந்தார். புது எஞ்சினின் சிலிண்டர்ச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கோடுகள் கீறப்பட்டிருக்கும். பிஸ்டன் வளையங்கள் அவற்றின்மீது உராய்ந்து, மேடுகள் தேய்ந்து, சுவரோடு படிய வேண்டும். அப்பொழுது உதிரும் உலோகத் துகள் எண்ணெயில் கலக்கும். உத்தரபாராவில் அம்பாஸடர் தயாரான காலத்தில் இத்துகள் மிகுதி. ஆகவே முதல் எண்ணெயை விரைவில் மாற்றினர். அந்த வண்டி 2014-இல் நின்றுவிட்டது. இன்றைய இயந்திரங்களில் கடைசல் நுட்பம், வடிகட்டியும் சிறப்பானது. சில நிறுவனங்கள் முதல் எண்ணெயை முன்கூட்டி மாற்றலாகாதென்றே எழுதியுள்ளன. “அப்படியாயின் என் கணக்கு என் வண்டிக்குரியது, உமது வண்டிக்குக் கையேடே கணக்கு” என்று பெரியவர் சிரித்தார்.

நிற்க. எண்ணெய் மாறாவிடினும் பழக்கும் முறை மாறவில்லை. முதல் 1,000 கிலோமீட்டர் வரை ஆக்ஸிலேட்டரை முழுதும் மிதிக்கலாகாது. ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டலாகாது. தேவையின்றி நின்றபடியே எஞ்சினை ஓடவிடுவதும் நன்றன்று. மிதமான சுமையில், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டினால் வளையங்கள் செவ்வனே படியும். பிரேக்குகளுக்கும் சிறிது பழக்கம் வேண்டும். சென்னைக்கோ 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஒரே நெடுஞ்சாலை. நாள் முழுதும் ஒரே வேகம், நிறைந்த சுமை! சித்திரையில் மீட்டர் 700-ஐத்தான் காட்டிற்று. குழந்தைகளின் முகம் வாடிற்று. நாம் பாஸ் எழுதி வாங்கி ரயிலேறினோம். வண்டி மேதினிப்பூருக்கும் கடைத்தெருவுக்குமாகப் பழகிற்று.

நாம் பிழை செய்யவிருந்தது அதற்குப் பின்னரே. இவ்வாண்டு பொங்கலன்று மீட்டரில் 2,900. “10,000-க்கு இன்னும் இரண்டு ஆண்டுக்கு மேல் உண்டு” என்று மகிழ்ந்திருந்தோம். பெரியவர் அளவுகோலை உருவி முகர்ந்தார். “பெட்ரோல் நெடி வருகிறதே! கையேட்டின் அடுத்த சொல்லைப் படித்தீரா?” என்றார். படித்தோம்: 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது.

குவார்ட்டர்ஸில் வாழும் நம்போன்றோர் வண்டிகளுக்கு இவ்வரியே தலையாயது. அலுவலகம் அருகில், பிள்ளைகளுக்குப் பள்ளி வண்டி. இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கும் எஞ்சின் நன்றாகச் சூடேறுவதில்லை. எரியாத பெட்ரோலும் நீராவியும் எண்ணெயில் தங்கி, அதன் வலிமையைக் குறைக்கின்றன. குறைவாக ஓடுகிறதென்பதால் எண்ணெய் நீடிக்குமென்று எண்ணுதல் தவறு. குறித்த காலத்துப் பராமரிப்பைத் தவறவிட்டால், பழுது நேரும்போது உத்தரவாதம் கிடைப்பதிலும் சிக்கல் எழலாம்.

மறுவாரமே எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றினோம். ரசீதைக் கையேட்டினுள் வைத்து, அடுத்த தேதியை நாட்காட்டியில் குறித்தாள் இல்லாள். வளையல் கொடுத்தவளாயிற்றே!

புது வண்டி வாங்கும் அன்பர்கள் மீட்டரோடு நாட்காட்டியையும் பார்ப்பார்களாக. வருகிற சித்திரையில் நமது பயணம் சாலை வழியே. குழந்தைகள் மீண்டும் நாள் எண்ணுகின்றனர்.