ஜெபமாலையும் மாத்திரைப் பட்டையும்

மதுரைப் பக்கமிருந்து பழனி, பொள்ளாச்சி வழியாகத் திருவனந்தபுரம் போகும் அமிர்தா எக்ஸ்பிரஸ் இரவில் பாலக்காட்டைத் தொடுகிறது. அதில் ஏறுகிறவர்கள் எல்லோரும் வேலைக்கோ விசேஷத்துக்கோ போகிறவர்கள் அல்லர். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தினர் சிலரின் கையில் ஸ்கேன் படங்கள் அடங்கிய பெரிய உறை இருக்கும். மூணாறு, தேவிகுளம் தோட்டங்களிலிருந்து இதே காரியமாகப் புறப்படுகிறவர்கள் கோதமங்கலம் வழியாக பஸ்ஸில் இறங்கி வர வேண்டும். எல்லோரும் போய்ச் சேரும் இடம் ஒன்றே: ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான நிறுவனம்.

வலிப்பு நோய்க்காரருக்குத் தூக்கம் கெடக்கூடாது என்பது டாக்டர்கள் சொல்லும் முதல் விதி. டாக்டரைப் பார்க்கப் போவதற்கே ஓர் இரவுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியிருப்பது எல்லைப்புற மக்களின் தலையெழுத்து!

தமிழில் காக்காய் வலிப்பு. மலையாளத்தில் அபஸ்மாரம், பேச்சு வழக்கில் சுழலி. நடராசர் திருவடியின் கீழ்க் கிடக்கும் முயலகனின் பெயரும் இந்நோய்க்கு உண்டு. பழைய தமிழ் வேதாகமமோ இதைச் சந்திரரோகம் என்கிறது. மத்தேயு சுவிசேஷத்தில் ஒரு தகப்பன் தன் மகனை இயேசுவிடம் கொண்டு வருகிறான். பையன் அடிக்கடி நெருப்பிலும் தண்ணீரிலும் விழுகிறான் என்பது அவன் முறையீடு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் டாக்டர்கள் எச்சரிப்பது இந்த இரண்டைப் பற்றித்தான். லயத்து வீட்டு விறகடுப்பும் துணி துவைக்கும் ஓடையும் வலிப்புள்ள பெண்ணுக்கு எமனாகக் கூடியவை.

அந்தச் சுவிசேஷப் பகுதியில் பையனைப் பிடித்திருந்த பிசாசு துரத்தப்படுகிறது. இதைக் கேட்டு வளர்ந்த குடும்பத்தில் கணவனுக்கோ மனைவிக்கோ வலிப்பு வந்தால் முதலில் எங்கே ஓடுவார்கள்? ஜெபக் கூட்டத்துக்குத்தான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நடுச்சாமத்தில் துணை கீழே விழுந்து வெட்டி இழுக்கும்போது பக்கத்தில் இருப்பவருக்குக் கூப்பிட ஒரு பெயர் வேண்டியிருக்கிறது. சிக்கல் பிறகு வருகிறது. நாலு மாதம் வலிப்பு வராமல் இருந்ததும், “கர்த்தர் சுகம் தந்துவிட்டார், இனி மாத்திரை எதற்கு? அது அவிசுவாசம் அல்லவா?” என்று யாராவது சொல்கிறார்கள். மாத்திரை நிற்கிறது. திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பலாம். ஒன்று முடிவதற்குள் மற்றொன்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுப்பு நீடித்தால் உடனே ஆஸ்பத்திரி என்று டாக்டர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

திருச்சபையின் சட்டம் இவ்விஷயத்தில் என்ன சொல்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கத்தோலிக்கர் நற்கருணை வாங்குமுன் ஒரு மணி நேரம் ஒன்றும் உண்ணக்கூடாது. ஆனால் தண்ணீருக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் இது எழுத்திலேயே இருக்கிறது. ஆகவே காலை மாத்திரையைப் பூசைக்குப் பிறகு என்று தள்ளிவைக்க வேண்டியதில்லை. தபசுகால உபவாசத்தையும் கிறிஸ்துமஸ் நடுராத்திரிப் பூசையையும் பற்றி டாக்டரிடமும் பங்குக் குருவிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். முழு இரவு ஜெபத்தை நடத்தும் சபையாரும் நோயாளியைப் பத்து மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவதே தருமம்.

சபைகளும் மாறித்தான் வந்திருக்கின்றன. 1917-ஆம் ஆண்டுச் சட்டம், வலிப்புக்காரரைப் பிசாசு பிடித்தவரோடு ஒரே வரியில் சேர்த்து, குருப்பட்டத்துக்குத் தகுதியற்றவர் என்றது. 1983-இல் அந்த வரி காணாமல் போயிற்று. நாட்டுச் சட்டம் அதற்கும் பிந்தி நடந்தது. 1976-இல் இந்து திருமணச் சட்டத்திலும் தனித் திருமணச் சட்டத்திலும் பைத்தியத்தோடு வலிப்பையும் சேர்த்து, திருமணத்துக்குத் தடையாக எழுதினார்கள். 1999-இல்தான் அது நீக்கப்பட்டது. கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தில் அப்படி ஒரு தடை எழுதப்படவில்லை. ஆனாலும் பெண் பார்க்க வரும்போது மறைப்பதும், கல்யாணத்துக்குப் பின் அகப்பட்டுக்கொள்வதும் எல்லா மதத்தாருக்கும் பொதுவாக இருக்கிறது. மறைத்துக் கட்டிக்கொடுத்த பெண், புகுந்த வீட்டார் கண்ணில் படாமல் மாத்திரை விழுங்க வேண்டும். ஒரு வேளை தவறினால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

அவள் கர்ப்பமாகும்போது பயம் இரட்டிக்கிறது. ஸ்ரீ சித்திரை நிறுவனத்தில் 1998-இல் வலிப்புள்ள கர்ப்பிணிகளுக்கென்று கேரளப் பதிவேடு ஒன்று தொடங்கப்பட்டது. பெரும்பாலோர் நல்ல குழந்தைகளையே பெறுகிறார்கள் என்பது இப்படிப்பட்ட பதிவேடுகளில் தெரிந்த சேதி. வால்ப்ரோயேட் என்ற மருந்தினால் சிசுவுக்குக் கூடுதல் ஆபத்து உண்டு என்பதும் தெரிந்தது. குழந்தைக்கு ஆசைப்படும் போதே டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். தானாக நிறுத்துவதுதான் கூடாது.

கணவன் நோயாளியானால் கஷ்டம் வேறு விதம். இடுக்கி மலைப்பாதைகளில் ஜீப் ஓட்டிப் பிழைக்கிறவர்கள் ஏராளம். டிரைவிங் லைசென்ஸ் விண்ணப்பத்தில் வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது. உண்மையைச் சொன்னால் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் பத்து உயிர் போகலாம். மனைவி பறிக்கும் கொழுந்தை நம்பிக் குடும்பம் நடக்கும் அந்த நாட்களில், வாய்விட்டுச் சொல்ல முடியாத மனஸ்தாபங்கள் எத்தனையோ.

இத்தகைய தாம்பத்தியம் ஒன்றை கேரளம் நன்றாக அறியும். பெரும்படவம் ஸ்ரீதரன் எழுதி, வயலார் விருது பெற்று, நூறு பதிப்புகளுக்கு மேல் கண்ட “ஒரு சங்கீர்த்தனம் போலே” நாவலின் நாயகர் ருஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி. நாயகி அவருக்குச் சுருக்கெழுத்துக்காரியாக வந்த அன்னா. நாவல் சொல்லாத பிற்கதை இன்னும் கனமானது. 1867-இல் திருமணம், அவருக்கு 45 வயது, அவளுக்கு 20. சில நாட்களுக்குள், அக்காள் வீட்டு விருந்தில், அவர் அலறி விழுந்தார். மற்றவர்கள் ஒதுங்க, அவள்தான் தாங்கிப் பிடித்தாள். பதினான்கு ஆண்டுகள் அப்படியே தாங்கினாள். 1878-இல் மூன்று வயது நிரம்பாத மகன் அல்யோஷா வலிப்பிலேயே இறந்தான். தகப்பன் தன் நோய்தான் பிள்ளையைக் கொன்றது என்று உடைந்து போனார். அவரை ஆப்டினா மடத்துத் துறவியிடம் போய்வரச் செய்தவள் அன்னாவே. பலன் தரும் மருந்து ஏறக்குறைய இல்லாத காலம் அது. பீனோபார்பிட்டோன் வந்தது 1912-இல், பெனிட்டாயின் 1938-இல்.

இன்று உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு; முறையாக மருந்து சாப்பிட்டால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருந்துக்கு அடங்காதவர்களில் சிலருக்கே அறுவைச் சிகிச்சை. ஸ்ரீ சித்திரையில் 1995-இல் அது தொடங்கியது. அதற்கு முன் நோயாளியைச் சில நாள் படுக்க வைத்து, தலையில் கம்பிகள் ஒட்டி, காமிரா முன் வலிப்பு வரட்டும் என்று காத்திருப்பார்கள். வரக்கூடாது என்று வருஷக்கணக்கில் ஜெபித்த மனைவி, அங்கே உட்கார்ந்து வர வேண்டும் என்று ஜெபிக்கிற விசித்திரம் நடக்கிறது! வந்தால்தானே மூளையில் எந்த இடம் என்று தெரியும்?

எல்லோருக்கும் திருவனந்தபுரம் தேவையில்லை. பாலக்காட்டு எல்லைக்குக் கோவையும், போடிமெட்டு வழியே இறங்குகிறவர்களுக்குத் தேனியும் பக்கம்; இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி உண்டு. எங்கே போனாலும் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு போவது நல்லது. எந்தத் தேதியில் வந்தது, எத்தனை நிமிடம், முந்தின இரவு தூங்கினாரா, மாத்திரை தவறியதா, எல்லாம் அதில் இருக்கட்டும். நோயாளிக்கு விழுந்தது நினைவிராது. எழுத வேண்டியவர் துணைதான். இழுக்கும்போது கையில் சாவியைத் திணிக்காமல், வாயில் தண்ணீர் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தால் அந்தக் கணக்கும் சரியாக இருக்கும். தஸ்தயேவ்ஸ்கியும் தம் வலிப்புகளைத் தேதி போட்டுக் குறித்து வைத்திருந்தார்.