எப்போது எடுத்த சிறுநீர்?

கொடைக்கானல் செயின்ட் மேரீஸ் சாலையில், பாம்பார் சோலையை ஒட்டி இயங்கிய தெர்மாமீட்டர் ஆலை 2001 மார்ச்சில் மூடப்பட்டது. மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி 7.4 டன் கிடந்தது அம்பலமான பிறகுதான் மூடினார்கள். தொழிலாளிகளுக்கு வந்த கைநடுக்கம், மறதி, சிறுநீரகக் கோளாறு எல்லாம் ஆலை தந்த சீதனமா என்ற வழக்கு அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. மருத்துவப் பரிசோதனைகளில் பாதிப்பு எதுவும் தெரியவில்லை என்பது ஆலையை நடத்திய இந்துஸ்தான் லீவரின் வாதம்.

தெரியாது என்பதுதான் விஷயமே. மூச்சில் போகும் பாதரச ஆவியில் 80 சதவீதம் உடம்பில் தங்கிவிடும். தங்கியதில் பாதி வெளியேற ஏறக்குறைய இரண்டு மாதம். வேலையை விட்டு ஒரு வருஷம் கழித்துச் சிறுநீர் கொடுத்தால், இருந்ததில் 64-ல் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வரும், கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருக்கும். நரம்புக்கு நேர்ந்த சேதத்தைச் சிறுநீர் காட்டிக்கொடுக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அட்ரினலின், நார்அட்ரினலின் இரண்டையும் சிதைக்கும் நொதியைப் பாதரசம் முடக்கிவிடும். பிரஷர் எகிறும், வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும். சிறுநீரில் அந்த ஹார்மோன்களின் அளவும் கூடும். அட்ரினல் சுரப்பியில் கட்டி வந்தாலும் அச்சு அசலாக இதே அறிகுறிகள், இதே ரிசல்ட். "என்ன வேலை பார்த்தீங்க?" என்று டாக்டர் கேட்காவிட்டால், இல்லாத கட்டியைத் தேடி ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுக்க வேண்டியதுதான்.

மூளை ரசாயனங்களைச் சிறுநீரிலும் ரத்தத்திலும் அளந்து தருவதாக இப்போது விற்கிற பரிசோதனை பேக்கேஜ்களையும் இதே சந்தேகக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். சிறுநீரில் வரும் டோபமைனில் பெரும்பங்கு சிறுநீரகமே தயாரித்தது. ரத்தத்தில் உள்ள செரடோனின் குடலில் உற்பத்தியானது. மனச்சோர்வுக்கு இவற்றை அளப்பது என் பார்வையில் தண்டச்செலவு.

2016 மார்ச்சில் கொடைக்கானல் ஆலையின் 591 முன்னாள் தொழிலாளிகளுக்காக நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. மனிதாபிமான அடிப்படையில் தரும் தொகை என்றது. அவர்களில் ஒருவர் நாளை படபடப்போடு மருத்துவமனைக்குப் போனால், சீட்டில் முதலில் ஏற வேண்டியவை இரண்டு: எந்தப் பிரிவில் வேலை பார்த்தார், எத்தனை வருஷம். அடுத்து, ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்லி, வேலைக்குச் சேர்ந்த நாளில் போட்டதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பாதரச நடுக்கம் எழுத்தில் தெரியும். அதற்கு லேப் கட்டணமும் கிடையாது.