காட்டுமாடு மிதித்த வாழைக்குக் காப்பீடு உண்டா?

புவிசார் குறியீடு பெற்ற மலைவாழை விளையும் சிறுமலையில், காட்டுமாட்டுக் கூட்டம் புகுந்தால் ஒரு தோட்டம் ஒரே இரவில் அழிந்துவிடும். பயிர்க் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டிய விவசாயி, இழப்பீடு வரும் என்றுதான் நம்புவார். ஆனால் 2016 முதல் நடப்பில் உள்ள பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் பொதுவாகத் தனித்தனித் தோட்டத்தைப் பார்ப்பதில்லை. அறிவிக்கை செய்யப்பட்ட கிராமம் அல்லது பிர்க்காவின் சராசரி மகசூலைத்தான் பார்க்கிறது. கடந்த 7 ஆண்டுகளில் நன்றாக விளைந்த 5 ஆண்டுகளின் சராசரியில் 70, 80 அல்லது 90 விழுக்காட்டை உத்தரவாத மகசூலாக வைப்பார்கள். அது ஏக்கருக்கு 10 டன் என்று வைத்துக்கொள்வோம். அறுவடைப் பரிசோதனையில் சராசரி 8 டன்னாக வந்தால், 1 லட்சம் ரூபாய்க்குக் காப்பீடு செய்தவருக்கு 20,000 ரூபாய். தோட்டத்தை முழுதாக இழந்தவருக்கும் அதுதான். ஒரு மரம்கூடச் சாயாதவருக்கும் அதுதான். சராசரி 10 டன்னைத் தொட்டுவிட்டால் யாருக்கும் ஒன்றும் கிடையாது.

அப்படியானால் எதற்குக் கட்டுவது என்று கேட்கலாம். வறட்சியோ புயலோ ஊரையே அடிக்கும்போது கைகொடுப்பது இதுதான். தோட்டக்கலைப் பயிருக்கு விவசாயியின் பங்கு அதிகபட்சம் 5 விழுக்காடு. மீதியை அரசுகள் ஏற்கின்றன. ஒவ்வொரு தோட்டத்தையும் அளந்தால் செலவும் தாமதமும் கூடும் என்ற வாதமும் பொதுப் பேரிடருக்குச் சரியே. ஆனால் காட்டு விலங்கு காட்டோரத் தோட்டத்தில்தான் இறங்குகிறது. அந்த இழப்பு பிர்க்கா சராசரியில் கரைந்துபோகிறது. ஆலங்கட்டி மழைக்கும் நிலச்சரிவுக்கும் தனித்தோட்டக் கணக்கு இருக்கும்போது, இதற்கும் இருப்பதே நியாயம்.

அந்த வழி இப்போது திறந்திருக்கிறது. 2026 காரிஃப் பருவம் முதல் விலங்குச் சேதத்தைக் கூடுதல் பாதுகாப்பாகச் சேர்க்கலாம் என்று மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் பயிர்க் காப்பீட்டுச் செயலியில், இடக்குறியுடன் கூடிய புகைப்படத்தோடு பதிய வேண்டும். ஆனால் எந்த விலங்கு, எந்தப் பகுதி என்பதை மாநில அரசுதான் அறிவிக்க வேண்டும். பட்டியலில் இடம்பெறாத ஊருக்கு இதனால் பயனில்லை. எனவே சிறுமலையும் அடிவாரக் கிராமங்களும் கிராமசபையில் தீர்மானம் போட்டுக் காட்டுமாட்டின் பெயரோடு கேட்க வேண்டும். பிரீமியம் கட்டும் முன், உங்கள் பயிரும் ஊரும் விலங்குச் சேதமும் அறிவிக்கையில் இருக்கின்றனவா என்று தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.