விழித்திரையைத் தாக்கும் வைரஸ் நோயை அறிவது எவ்வாறு?

அறுந்த இழையைப் பிணைக்கும் நெசவாளருக்கும், இலையின் அடியில் பூச்சியைத் தேடும் விவசாயிக்கும் கண்ணே முதல். ஆதலின் விழித்திரையை அழிக்கும் ஒரு நோயைப் பற்றி இங்கு எழுதுகிறோம்.

சின்னம்மையையும் அக்கியையும் உண்டாக்கும் வைரஸ் உடலை விட்டு நீங்குவதில்லை. நரம்பணுக்களில் உறங்கிக் கிடக்கும். அரிதாக அது விழித்தெழுந்து விழித்திரையைத் தாக்குவதுண்டு. இந்நோயை 1971-ல் ஜப்பானில் உரயாமா என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் முதன்முதலில் விவரித்தார்கள்.

தொடக்கத்தில் கண் சிவக்கும், சிறிது வலிக்கும், பார்வை மங்கும், கரும்புள்ளிகள் மிதப்பன போலத் தோன்றும். இதைச் சாதாரணக் கண் நோய் என்றெண்ணிக் கடையில் சொட்டு மருந்து வாங்குவது பெரும்பிழை.

கண் வைத்தியர் மருந்து விட்டுப் பாவையை விரித்து, விழித்திரையின் ஓரம்வரை நோக்குவார். வெண்மஞ்சள் திட்டுக்கள் ஓரத்தில் தோன்றி, ஒன்றுகூடி வட்டமாய்ப் பரவுவதும், இரத்தக் குழாய்கள் அடைபடுவதும் இந்நோயின் அடையாளங்கள். மேகநோய் முதலியனவும் இவ்வாறு தோற்றம் தரக்கூடும். ஆகையால் கண்ணின் முன்னறையிலிருந்து நுண்ணிய ஊசியால் துளி நீர் எடுத்துப் பி.ஸி.ஆர். முறையில் சோதிக்கிறார்கள். அம்முறை வைரஸின் மரபுப்பொருளைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டும். இரத்தச் சோதனை மட்டும் போதாது. சின்னம்மை கண்டவர் பலரின் இரத்தத்திலும் அதன் எதிர்ப்புப் பொருள் இருக்குமன்றோ?

சோதனை முடிவுக்காகக் காத்திராமல், கண்ட அடையாளங்களைக் கொண்டே அஸைக்ளோவிர் போன்ற மருந்தைத் தொடங்குவர். தாமதித்தால் விழித்திரை கழன்று பார்வை போகலாம். மருந்து பெறாதோருக்கு மறுகண்ணும் தாக்கப்படலாம். எனவே, கண் சிவந்து பார்வை மங்கினால், அங்கத்தினர்கள் அன்றே கண் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுமென வற்புறுத்துகிறோம்.